புத்தக விற்பனைச் செயலிக்கு டாக்குமென்ட் டேட்டாபேஸ்: எதில் எழுதுவது, எதில் ஏற்றுவது?

சுவடிக்கட்டு (கேள்வி)

ஒரு பதிப்பகத்துக்காக நூல் பட்டியலும் விற்பனைக் கணக்கும் சேர்ந்த வலைச்செயலி எழுதுகிறோம். சுமார் 60,000 தலைப்புகள். நூலுக்கு நூல் புலங்கள் மாறுகின்றன. மொழிபெயர்ப்பு என்றால் மூல ஆசிரியரும் மூல மொழியும் வேண்டும். தொகுப்பு என்றால் உள்ளே இருக்கும் நாற்பது கதைகளின் தலைப்பும் எழுதியவர் பெயரும் வேண்டும். பழைய பதிப்புகளுக்கு ஐஎஸ்பிஎன்னே கிடையாது. இதையெல்லாம் டேபிளாகப் பிரித்தால் எட்டு ஒன்பது ஜாயின் (டேபிள்களை இணைத்து வாசிப்பது) வருகிறது. அதனால்தான் ஒவ்வொரு நூலையும் அதன் புலங்களோடு ஒரே ஆவணமாக வைக்கும் டாக்குமென்ட் டேட்டாபேஸ் பக்கம் வந்தோம்.

நோட்ஜேஎஸில் எழுதுகிறோம், மாங்கோடிபியோடு பேச மங்கூஸ் என்ற லைப்ரரி. எழுதுவது இரண்டு பேர்: ஒருவரிடம் விண்டோஸ், மற்றவரிடம் எம் சிப் மேக். சர்வர் என்று இருப்பது 4 ஜிபி ரேம், 2 கோர் உள்ள ஒரே விபிஎஸ் (வாடகை விர்ச்சுவல் சர்வர்). புத்தகக் கண்காட்சி சமயத்தில் அரங்கில் நான்கு டேப்லெட்டில் பில் போடுவார்கள். கூட்டம் ஏறினால் அங்கே நெட்வொர்க் படுத்துவிடும்.

மாங்கோடிபி என்ற டாக்குமென்ட் டேட்டாபேஸா, டேபிள் வகை போஸ்ட்கிரெஸில் உள்ள ஜேசன்பி என்ற ஆவணப் புலமா? இரண்டு பேர் மெஷினிலும் ஒரே மாதிரி ஓடும் லோக்கல் சூழலை எப்படி அமைப்பது? சொந்த விபிஎஸ்ஸில் ஓட்டுவதா, மாங்கோடிபி நிறுவனத்தின் அட்லஸ் மாதிரி நிர்வகிக்கப்படும் சேவைக்குப் போவதா? தமிழ்த் தலைப்புகளை அகரவரிசையில் அடுக்குவதிலும் தேடுவதிலும் என்ன பார்க்க வேண்டும்?

இன்னொன்று. லோக்கலில் மாங்கோவை அப்படியே நிறுவி ஓட்டினால், பல மாற்றங்களை மொத்தமாகச் செய்யும் அல்லது மொத்தமாகக் கைவிடும் டிரான்சாக்‌ஷன் வரும் இடத்தில் பிழை வருகிறது. "ரெப்ளிகா செட் உறுப்பினரில் மட்டுமே" என்கிற பொருளில் ஏதோ சொல்கிறது.

---

எட்டாம்பிட்

முதல் கேள்விக்கு மட்டும் பதில். "புலங்கள் மாறுகின்றன" என்பது மாங்கோவுக்குப் போகப் போதுமான காரணம் அல்ல. போஸ்ட்கிரெஸில் 9.4 முதல், அதாவது 2014 டிசம்பர் முதல், ஜேசன்பி இருக்கிறது. நூல் விவரம் ஒரு ஜேசன்பி நெடுவரிசையில் போகட்டும். விலை, இருப்பு, பில், பில் வரி ஆகியவை சாதாரண டேபிள்களாக இருக்கட்டும். கணக்கு சம்பந்தப்பட்ட பாதிக்கு, டேபிள்களுக்கு இடையிலான தொடர்பைக் காக்கும் ஃபாரின் கீயும் டிரான்சாக்‌ஷனும் தானாகவே கிடைக்கும்.

ஆனால் ஜேசன்பியில் ஆள் வழுக்கி விழும் இடங்கள் சில உண்டு.

இரட்டை அம்புக்குறி ஆபரேட்டரால் எடுக்கும் மதிப்பு எப்போதும் டெக்ஸ்ட்தான். விலையை அப்படியே ஒப்பிட்டால் 100 ரூபாய் நூல் 20 ரூபாய் நூலுக்கு முன்னால் வந்து நிற்கும், எழுத்து வரிசையில் 1 முந்துவதால். நியூமெரிக்காக மாற்றித்தான் ஒப்பிட வேண்டும், இண்டெக்ஸையும் அதே வடிவ எக்ஸ்பிரஷன் மேல்தான் போட வேண்டும். இரண்டிலும் எழுத்துப் பிசகாமல் ஒரே எக்ஸ்பிரஷன் இல்லை என்றால் குவெரியை எப்படி ஓட்டுவது என்று முடிவுசெய்யும் பிளானர் அந்த இண்டெக்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

ஜேசன்பியின் உள்ளே தேட உதவும் ஜின் இண்டெக்ஸில் இரண்டு வகை உண்டு. இயல்பானது பெரியது, கீ இருக்கிறதா என்ற கேள்விக்கும் உதவும். ஜேசன்பி பாத் ஆப்ஸ் வகை சிறியது, வேகமானது. ஆனால் "உள்ளடக்குகிறதா", ஜேசன்பாத் ஆகிய கேள்விகளுக்கு மட்டும். விலை 100 முதல் 300 வரை போன்ற வரம்புத் தேடலுக்கு இரண்டையும் நம்பாதீர்கள். அதற்குத் தனி பி-ட்ரீ இண்டெக்ஸ் வேண்டும்.

மூன்றாவது, ஒரு கீயை மாற்றினாலும் முழு வரிசையும் புதிதாக எழுதப்படும். வரிசை ஏறக்குறைய 2 கேபியைத் தாண்டினால் உள்ளடக்கம், பெரிய மதிப்புகளைச் சுருக்கித் தனியே வைக்கும் டோஸ்ட்டுக்குப் போகும். பிறகு ஒரே ஒரு கீயை வாசிக்கவும் முழு டாக்குமென்ட்டையும் எடுத்து விரிக்க வேண்டும். நாற்பது கதைத் தலைப்புகள் தமிழில் இருந்தால் 2 கேபியைச் சுலபமாகத் தாண்டும். யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீட்டெண்ணுக்கு 3 பைட், "கி" என்ற ஓரெழுத்துக்கே 6. ஆகவே அடிக்கடி மாறும் இருப்பு எண்ணிக்கையை அந்த ஜேசன்பிக்குள் வைக்கவே கூடாது.

என் ஓட்டு போஸ்ட்கிரெஸுக்கு. மங்கூஸில் ஏற்கெனவே பாதி எழுதியாகிவிட்டது என்றால் அது வேறு கணக்கு.

---

மொட்டைமாடி_சர்வர்

மேலே சொன்னதில் தவறில்லை. ஆனால் தொகுப்பு நூலுக்குள் தேடும்போது, "இந்த ஆசிரியர் எழுதிய கதை எந்தெந்தத் தொகுப்பில் இருக்கிறது" போன்ற கேள்விக்கு, மாங்கோவில் அரே மேல் ஒரு இண்டெக்ஸ் போட்டால் வேலை முடிந்தது. இருவரும் மங்கூஸ் தெரிந்தவர்கள் என்றால் மாங்கோவே போதும்.

லோக்கல் சூழலுக்கு வருகிறேன். அந்தப் பிழைக்குக் காரணம், தனி மாங்கோவில் டிரான்சாக்‌ஷனும் கிடையாது, மாற்றங்களை உடனுக்குடன் அறிவிக்கும் சேஞ்ச் ஸ்ட்ரீமும் கிடையாது. இரண்டும் மாற்றங்களை வரிசையாகக் குறித்துவைக்கும் ஓப்லாக்கை நம்பி ஓடுபவை, ஓப்லாக் ரெப்ளிகா செட்டில்தான் இருக்கும். ரெப்ளிகா செட் என்பது ஒரே டேட்டாவின் நகல்களை வைத்திருக்கும் மாங்கோ சர்வர்களின் (நோட்) குழு. அதற்காக மூன்று நோட் வேண்டாம். ஒரே நோட்டை ரெப்ளிகா செட்டாகத் தொடங்கலாம். சர்வரிலும் அதே ஒற்றை நோட் ரெப்ளிகா செட்தான் ஓட வேண்டும். லோக்கல் ஒன்றாகவும் சர்வர் வேறாகவும் இருந்தால் இதே மாதிரி பிழை நேரடி விற்பனையின் நடுவே வந்து நிற்கும்.

டாக்கர் கம்போஸில் (செயலியையும் டேட்டாபேஸையும் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளாகச் சேர்த்து எழுப்பும் கருவி) அமைக்கும்போது இடிக்கும் இடங்கள்:

கன்டெய்னரின் மூலப்பிரதியான இமேஜுக்கு "லேட்டஸ்ட்" போடாதீர்கள். மேஜர் பதிப்பு எண்ணை எழுதிவிடுங்கள், சர்வரிலும் அதே எண். 6இலிருந்து 8க்கு ஒரே தாவலாகப் போக முடியாது. 7 வழியாகத்தான் போக வேண்டும், ஒவ்வொரு படியிலும் ஃபீச்சர் கம்பாட்டிபிலிட்டி பதிப்பையும் உயர்த்த வேண்டும். யாரோ ஒருவர் மெஷினில் லேட்டஸ்ட் இறங்கி, பழைய டேட்டாவோடு கன்டெய்னர் எழுந்திருக்க மறுப்பதற்கு இதுதான் காரணம்.

டேட்டாவுக்கு, டாக்கரே நிர்வகிக்கும் நேம்டு வால்யூம் வையுங்கள். விண்டோஸ் ஃபோல்டரை நேரடியாக மவுன்ட் செய்தால் கோப்பு உரிமையிலும் வேகத்திலும் சிக்கல் வரும்.

ரூட் பயனர், கடவுச்சொல்லுக்கான என்விரான்மென்ட் மாறிகள் டேட்டா ஃபோல்டர் காலியாக இருக்கும் முதல் தடவை மட்டும்தான் வேலை செய்யும். பிறகு கம்போஸ் கோப்பில் கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் உள்ளே பழையதுதான் இருக்கும். "சரியான கடவுச்சொல்தான், ஆனாலும் ஆதன்டிகேஷன் ஃபெயில்" என்ற புகாரில் முதலில் இதைப் பாருங்கள்.

ஆதன்டிகேஷனோடு ரெப்ளிகா செட் வேண்டும் என்றால் கீஃபைல் (உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் அடையாளம் காணும் ரகசியக் கோப்பு) கட்டாயம். அதன் உரிமை 400 ஆக இருக்க வேண்டும், அதிகாரப்பூர்வ இமேஜில் உரிமையாளர் எண் 999. விண்டோஸ் பக்கத்திலிருந்து மவுன்ட் செய்த கோப்பில் இந்த உரிமை நிற்காது, "பர்மிஷன் மிகத் திறந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2வின் லினக்ஸ் கோப்புமுறைக்குள் ப்ராஜெக்டை வையுங்கள், அல்லது தொடக்க ஸ்கிரிப்டில் கீயை கன்டெய்னருக்குள்ளேயே நகலெடுத்து உரிமையை மாற்றுங்கள்.

கம்போஸின் "டிபென்ட்ஸ் ஆன்" கன்டெய்னர் தொடங்கும் வரைதான் காத்திருக்கும், மாங்கோ பதில் சொல்லத் தயாராகும் வரை அல்ல. ஹெல்த்செக் ஒன்று எழுதி, அது தேறிய பிறகே ஆப் தொடங்கட்டும். இல்லையென்றால் மங்கூஸ் கட்டளைகளை வரிசையில் பிடித்து வைத்துக்கொண்டு 10,000 மில்லிசெகண்ட் கழித்து "பஃபரிங் டைம்டு அவுட்" என்று கத்தும். அதைப் பார்த்துவிட்டு குவெரியில் தவறு தேடாதீர்கள். கனெக்‌ஷனே கிடைக்கவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

டெஸ்டுக்கு மாங்கோடிபி மெமரி சர்வர் போதும், அதிலும் ரெப்ளிகா செட் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். டெஸ்ட்கன்டெய்னர்ஸ் என்றால் அதன் மாங்கோ மாட்யூல் ரெப்ளிகா செட்டாகவே எழுப்பித் தரும்.

ஸ்கீமா (டேட்டாவின் வடிவம்) மாற்றங்களை ஸ்கிரிப்டாக எழுதி வரிசையாக ஓட்டும் மைக்ரேஷனுக்கு மைக்ரேட்-மாங்கோ. "டாக்குமென்ட் டேட்டாபேஸில் மைக்ரேஷன் எதற்கு" என்று கேட்பவர்கள் ஆறு மாதத்தில் ஒரே புலத்துக்கு மூன்று பெயர் வைத்திருப்பார்கள். மங்கூஸின் ஆட்டோ இண்டெக்ஸை சர்வரில் அணைத்துவிட்டு, இண்டெக்ஸ் உருவாக்கத்தையும் மைக்ரேஷனிலேயே எழுதுங்கள். சிங்க் இண்டெக்ஸஸ் என்ற மெத்தட் ஸ்கீமாவில் இல்லாத இண்டெக்ஸ்களை நீக்கிவிடும். கையால் போட்ட இண்டெக்ஸ் சத்தமில்லாமல் காணாமல் போகும் வழி அது.

---

சுவடிக்கட்டு

மங்கூஸில் பாதிக்கு மேல் எழுதிவிட்டோம், ஆகவே மாங்கோ. இருப்பையும் விலையையும் தனி கலெக்‌ஷனுக்குக் கொண்டுபோகிறோம்.

சொன்னபடி ஒற்றை நோட் அமைத்ததில் ஆப் நன்றாக ஓடுகிறது. ஆனால் மெஷினிலிருந்து, மாங்கோவின் டேட்டாவைப் பார்க்கும் காம்பஸ் செயலியில் திறந்தால் "மாங்கோ" என்ற ஹோஸ்ட் பெயர் கிடைக்கவில்லை என்கிறது. முகவரி லோக்கல்ஹோஸ்ட் என்றுதான் கொடுத்தேன்.

---

மொட்டைமாடி_சர்வர்

ரெப்ளிகா செட்டைத் தொடங்கும்போது உறுப்பினர் பெயராக கம்போஸ் சர்வீஸ் பெயரைக் கொடுத்திருப்பீர்கள். டிரைவர் முதலில் லோக்கல்ஹோஸ்ட்டில் சேரும், அங்கே உறுப்பினர் பட்டியலை வாங்கும், பிறகு பட்டியலில் உள்ள பெயருக்குப் போகும். அந்தப் பெயர் டாக்கர் நெட்வொர்க்குக்கு வெளியே யாருக்கும் தெரியாது. காம்பஸ் முகவரியில் டைரக்ட் கனெக்‌ஷன் என்பதை ட்ரூ ஆக்குங்கள். அல்லது மெஷினின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்தப் பெயரை 127.0.0.1க்குக் கட்டிவிடுங்கள்.

---

இரவுப்பணி

சர்வர் பக்கம்.

அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். டாக்குமென்ட் ஒன்றுக்கு 5 கேபி என்று தாராளமாக வைத்தாலும் 60,000க்கு 300 எம்பி. இண்டெக்ஸும் விற்பனை வரிகளும் சேர்ந்தாலும் 4 ஜிபி மெஷினுக்கு இது சின்ன வேலை. அட்லஸின் இலவச அடுக்கு 512 எம்பி. பழகிப் பார்க்க நல்லது, ஆனால் அதில் பேக்கப் கிடையாது, ஆகவே பில் போடும் செயலிக்கு ஆகாது. கட்டண அடுக்கு வாங்க முடிந்தால் மும்பை ரீஜனில் எடுங்கள். இரவு இரண்டு மணிக்கு எழுந்து டிஸ்க் பார்க்க ஆள் இல்லாத இரண்டு பேர் குழுவுக்கு அந்தக் காசு வீண் இல்லை. அது முடியாது என்றால் கீழே உள்ளது.

வாங்கும் முன் சிபியு தகவலில் ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத்தொகுதி இருக்கிறதா பாருங்கள். எக்ஸ்86இல் மாங்கோ 5.0 முதல் ஏவிஎக்ஸ் இல்லாமல் ஓடாது. "இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்" என்று ஒரே வரியில் செத்துவிடும். மலிவு விபிஎஸ்களில் நிஜ சிபியுவில் அது இருந்தும் விர்ச்சுவல் சிபியு வகை அதை மறைத்திருக்கும். வழங்குநரிடம் ஹோஸ்ட் சிபியு வகைக்கு மாற்றச் சொல்லலாம்.

மெமரி: மாங்கோவின் சேமிப்பு இயந்திரமான வயர்டைகரின் கேஷ் இயல்பாக, ரேமில் 1 ஜிபி கழித்து மீதியில் பாதி எடுத்துக்கொள்ளும். 4 ஜிபியில் அது 1.5 ஜிபி. உங்கள் டேட்டாவுக்கு அத்தனை வேண்டாம், 1 ஜிபி என்று எழுதி நிறுத்துங்கள். கேஷ் என்பது மாங்கோவின் மொத்த மெமரி அல்ல. கனெக்‌ஷன்கள், வரிசைப்படுத்தல், அக்ரிகேஷன், இண்டெக்ஸ் கட்டுமானம் எல்லாம் அதற்கு வெளியே. நோட்ஜேஎஸ் டிரைவர் திறந்து வைக்கும் இணைப்புகளின் (பூல்) உச்சவரம்பு இயல்பாக 100, அதுவும் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனித்தனி. இரண்டு ப்ராசஸ் ஓட்டினால் ஆளுக்கு 10 போதும்.

சர்வரிலேயே என்பிஎம் இன்ஸ்டாலும் பில்டும் ஓட்டாதீர்கள். ரேம் தீர்ந்தால் கெர்னல் பெரிய ப்ராசஸைத் தேடிக் கொல்லும், பெரும்பாலும் அது மாங்கோவாகத்தான் இருக்கும். இமேஜை வெளியே கட்டி ரெஜிஸ்ட்ரியில் ஏற்றி, சர்வரில் இழுத்து ஓட்டுங்கள். எம் சிப் மேக்கில் கட்டினால் ஆர்ம் இமேஜ்தான் வரும், சர்வரில் "எக்ஸெக் ஃபார்மட் எரர்". டாக்கரின் பில்டெக்ஸில் லினக்ஸ் ஏஎம்டி64 என்று குறிப்பிட்டே கட்ட வேண்டும்.

போர்ட்: மாங்கோவின் 27017ஐ டாக்கரில் வெறுமனே பப்ளிஷ் செய்தால், யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் மூடி வைத்திருந்தாலும் வெளியுலகுக்குத் திறந்துவிடும். டாக்கர் தன் ஐபிடேபிள்ஸ் விதிகளைத் தானே எழுதிக்கொள்வதால் அந்தப் பாக்கெட்டுகள் யூஎஃப்டபிள்யூ விதிகளின் வழியே வருவதே இல்லை. 127.0.0.1ஐ முன்னால் சேர்த்துப் பப்ளிஷ் செய்யுங்கள், வீட்டிலிருந்து பார்க்க எஸ்எஸ்ஹெச் டனல். 2017 ஜனவரியில் திறந்து கிடந்த மாங்கோ சர்வர்களை ஆயிரக்கணக்கில் அழித்துவிட்டுப் பணம் கேட்டார்கள். இப்போதும் அதற்கான ஸ்கேனர்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

டாக்கர் ஸ்டாப் 10 வினாடி காத்துவிட்டுக் கொன்றுவிடும். மாங்கோ ஒழுங்காக மூட அது போதாமல் போகலாம். கம்போஸில் ஸ்டாப் கிரேஸ் பீரியடை 60 வினாடியாக வையுங்கள்.

"அப்படியானால் அந்த ஒரே விபிஎஸ்ஸில் மூன்று கன்டெய்னர் போட்டு மூன்று நோட் செட் வைக்கலாமே" என்று தோன்றும். வேண்டாம். மெஷின் போனால் மூன்றும் சேர்ந்தே போகும், அதுவரை ரேமையும் பங்கு போட்டுத் தின்னும். அந்த உழைப்பை பேக்கப்பில் போடுங்கள்: தினம் இரவு மாங்கோடம்ப், ஓப்லாக் ஆப்ஷனோடு, ஜிஜிப் ஆர்கைவாக, வேறு இடத்தில் உள்ள ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு. ஓப்லாக் ஆப்ஷன் முழு இன்ஸ்டன்ஸையும் எடுக்கும்போதுதான் செல்லும், ஒரு டேட்டாபேஸை மட்டும் குறிப்பிட்டால் மறுக்கும். அது இல்லாமல் எடுத்தால் டம்ப் ஓடும் நேரத்தில் விழுந்த பில் ஒரு கலெக்‌ஷனில் இருக்கும், அதன் இருப்புக் கழிவு மறு கலெக்‌ஷனில் இருக்காது. டம்ப்பில் இண்டெக்ஸின் வரையறை மட்டுமே இருக்கும். ரீஸ்டோரின்போது மறுபடி கட்டுவதால் அந்த நேரத்தையும் கணக்கில் வையுங்கள். வாரம் ஒருமுறை காலி கன்டெய்னர் ஒன்றில், அதே மேஜர் பதிப்பில், ஓப்லாக் ரீப்ளேயோடு ரீஸ்டோர் செய்து பில் எண்ணிக்கையை ஒப்பிடும் ஸ்கிரிப்டும் வேண்டும்.

---

கூழாங்கல்

தமிழ் பற்றி யாரும் தொடவில்லை. இங்கேதான் இந்தச் செயலிக்கு உண்மையான வேலை இருக்கிறது.

அகரவரிசை. மாங்கோவின் இயல்பான ஒப்பீடு பைட் வரிசை. யூனிகோட் அட்டவணையில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ச-வுக்கு அடுத்து ஜ. நம் நெடுங்கணக்கில் ற, ன இரண்டும் கடைசி, கிரந்தம் அதற்கும் பின்னால். கொலேஷனில் (எழுத்துகளை ஒப்பிட்டு அடுக்கும் விதி) லொகேல் "டிஏ" என்று இரண்டெழுத்து கொடுத்தால் வரிசை சரியாகும். இண்டெக்ஸும் அதே கொலேஷனோடு இருந்தால்தான் பயன்படும். இல்லையென்றால் மெமரியில் போட்டு அடுக்கும்.

அந்தக் கொலேஷனை கலெக்‌ஷனின் இயல்பாக வைக்காதீர்கள். பிறகு மாற்ற முடியாது. சொல் தேடலுக்கான டெக்ஸ்ட் இண்டெக்ஸ் சாதாரண பைனரி ஒப்பீட்டை மட்டுமே ஏற்கும் என்பதால் அதை உருவாக்கும்போதும் மோதும். தலைப்பு இண்டெக்ஸிலும், பட்டியல் காட்டும் குவெரியிலும் மட்டும் கொடுங்கள்.

டெக்ஸ்ட் இண்டெக்ஸில் ஒரு கண்ணி இருக்கிறது, நூல் பட்டியல் எழுதுபவர்கள் எல்லோரும் மிதிப்பது. டாக்குமென்ட்டில் "லாங்குவேஜ்" என்ற புலம் இருந்தால், அந்த டாக்குமென்ட்டை எந்த மொழியாகப் பிரிப்பது என்று மாங்கோ அதைப் பார்த்து முடிவு செய்யும். அதில் தமிழ் என்று இருந்தால் "லாங்குவேஜ் ஓவர்ரைடு அன்சப்போர்டெட்" என்று இன்சர்ட்டே விழாது. ஆதரிக்கும் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. இண்டெக்ஸ் போடும்போது ஓவர்ரைடு (மொழியைச் சொல்லும்) புலத்துக்கு வேறு ஏதாவது பெயர் கொடுத்து, இயல்பு மொழியை, மொழி எதுவுமில்லை எனப் பொருள்படும் "நன்" என்று வையுங்கள்.

அப்படி வைத்தாலும் முழுச் சொல் தேடல்தான் கிடைக்கும். "காட்டில்" என்று தலைப்பு இருந்தால் "காடு" என்று தேடுபவருக்கு வராது. வேற்றுமை ஏறினால் சொல்லின் உடலே மாறும் மொழிக்கு ஆங்கில ஸ்டெம்மர் மாதிரி வால் வெட்டும் வேலை போதாது. இந்த அளவுக்கு, தலைப்பையும் ஆசிரியரையும் மூன்று மூன்று எழுத்துத் துண்டுகளாக வெட்டி ஓர் அரேயில் வைத்து, அதன் மேல் இண்டெக்ஸ் போட்டு, எத்தனை துண்டு பொருந்துகிறது என்று எண்ணி வரிசைப்படுத்துவது நன்றாக வேலை செய்யும். வெட்டும்போது குறியீட்டெண்ணாக வெட்டாதீர்கள், புள்ளியும் கொம்பும் தனியே கழன்று வரும். நோட்ஜேஎஸில் இன்டில் செக்மென்ட்டரை கிராஃபீம் (கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தெரியும் தொகுதி) அளவில் பயன்படுத்துங்கள்.

வெட்டும் முன் சுத்தம் செய்ய வேண்டும். "கொ"வில் உள்ள குறியை ஒற்றைக் குறியீட்டெண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, பைட்டுக்கு வேறு. யூனிகோடின் என்எஃப்சி நார்மலைஸ் (ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது) இதைச் சரிசெய்யும். ஆனால் "ஸ்ரீ"யை ஸ-வில் தொடங்குவதா, அதற்கென உள்ள தனி எழுத்தில் தொடங்குவதா என்ற இரட்டை வழக்கை அது தொடாது. ஒள என்று ஒ-வையும் ள-வையும் சேர்த்து அடித்த "ஔவையார்"களையும் தொடாது. கலெக்‌ஷன் என்று எழுதும்போது க்-கும் ஷ-வும் ஒட்டாமல் இருக்க நடுவே ஒளிந்திருக்கும் பூஜ்ஜிய அகலக் குறியையும் விட்டுவிடும். இந்த மூன்றுக்கும் உங்கள் சொந்த மாற்று விதிகள் வேண்டும். விதிகள் தேடல் புலத்துக்கு மட்டும். காட்டும் தலைப்பைத் தொட வேண்டாம்.

போஸ்ட்கிரெஸ் போனாலும் இதில் தப்பிக்க முடியாது. அங்கே ஐசியு என்ற யூனிகோட் லைப்ரரியின் கொலேஷன் இருக்கிறது, சுத்தம் செய்யும் வேலை அப்படியேதான்.

---

எட்டாம்பிட்

டேப்லெட் விஷயம் பாக்கி. நெட்வொர்க் இல்லாமல் பில் போட வேண்டும் என்றால் சர்வரில் கவுச்டிபியும் டேப்லெட்டில் பவுச்டிபியும் என இரண்டு டேட்டாபேஸ்கள் அதற்காகவே பிறந்தவை. டேப்லெட்டில் எழுதி, வழி கிடைத்ததும் இரு பக்கமும் தானே ஒத்திசையும். கவுச்டிபி 3.0 முதல் அட்மின் கடவுச்சொல் இல்லாமல் தொடங்காது, புதிய டேட்டாபேஸ்களும் அட்மினுக்கு மட்டுமே திறக்கும். பழைய பாடங்களைப் பார்த்து அமைப்பவர்கள் அங்கேதான் மாட்டுவார்கள்.

---

இரவுப்பணி

நான்கு டேப்லெட்டுக்காக இரண்டாவது டேட்டாபேஸ் ஒன்றைப் பராமரிக்கச் சொல்வது அதிகம். இருப்பு எண்ணிக்கையை ஒரே டாக்குமென்ட்டில் வைத்து நான்கு பேரும் ஆஃப்லைனில் குறைத்தால் கவுச்டிபியும் கான்ஃப்ளிக்ட் என்று குறித்துவைக்கும், ஒன்றை வென்றதாகக் காட்டும், மற்ற மூன்றும் கண்ணில் படாது. தீர்ப்பது நீங்கள்தான்.

எந்த டேட்டாபேஸாக இருந்தாலும் டேப்லெட்டிலிருந்து "இருப்பு இப்போது 17" என்று அனுப்பாதீர்கள், "2 விற்றது" என்று அனுப்புங்கள். ஒவ்வொரு பில்லுக்கும் டேப்லெட்டே ஒரு யூயூஐடி (மீண்டும் வராத அடையாள எண்) உருவாக்கி, அதையே ஐடியாக வைத்து உலாவிக்குள் உள்ள இண்டெக்ஸ்டுடிபியில் வரிசையில் போடட்டும். நெட்வொர்க் வந்ததும் சர்வருக்கு அனுப்பட்டும். பில் இன்சர்ட்டும் இருப்புக் கழிவும் ஒரே டிரான்சாக்‌ஷனில் போகட்டும். பதில் வரும் முன் இணைப்பு அறுந்து மறுபடி அனுப்பினால் பிழை 11000, டூப்ளிகேட் கீ. அதை "ஏற்கெனவே வந்துவிட்டது" என்று எடுத்துக்கொண்டு டேப்லெட்டுக்கு வெற்றி என்றே பதில் சொல்லுங்கள். இதுதான் இரட்டைப் பில்லைத் தடுக்கும்.

இணையவழி ஆர்டருக்கு, இருப்பு 1க்குக் குறையாமல் இருந்தால் மட்டும் ஒன்று குறை என்று ஒரே அப்டேட்டில் நிபந்தனையோடு எழுதலாம். அங்கே டிரான்சாக்‌ஷன்கூட வேண்டாம். அரங்கில் கையில் கொடுத்துவிட்ட புத்தகத்துக்கு அந்த நிபந்தனை வைக்காதீர்கள். இருப்பு மைனஸில் போகட்டும், எண்ணிக்கை பிசகியது எங்கே என்று அதுவே காட்டும்.

தொகையைப் பைசாவாக முழு எண்ணில் சேமியுங்கள். நேரம் இரண்டு வேண்டும்: டேப்லெட் சொன்னது, சர்வர் வாங்கியது. டேப்லெட் கடிகாரம் ஒருநாள் பின்தங்கியிருந்தால் அன்றைய கணக்கு ஒட்டாது. ஐபேட் என்றால் செயலியை முகப்புத் திரையில் சேர்த்துத் திறக்கச் சொல்லுங்கள். சஃபாரி டேபாகவே வைத்திருந்து ஏழு நாள் பயன்படுத்தாமல் விட்டால் இண்டெக்ஸ்டுடிபியை உலாவி அழித்துவிடும், அனுப்பாமல் கிடந்த பில்களும் அதோடு போகும்.

---

சுவடிக்கட்டு

டேப்லெட் எல்லாம் ஆண்ட்ராய்டு. யூயூஐடி வரிசை முறையையே எடுத்துக்கொள்கிறோம், கவுச்டிபி வேண்டாம். லாங்குவேஜ் புலம் எங்கள் ஸ்கீமாவில் அதே பெயரில்தான் இருக்கிறது. டெக்ஸ்ட் இண்டெக்ஸ் போடும் முன்பே அதை மாற்றுவதுதான் முதல் மைக்ரேஷன்.